எத்தனை அடித் தண்ணீரில்?

புலிக்கும் முதலைக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்ற கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் தள்ளிவிட்ட பெரியவர்களும் உள்ளுக்குள் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு எழுந்தால் யாரும் தெரியாது என்று சொல்வதில்லை. புலிக்கட்சி உண்டு, முதலைக்கட்சி உண்டு, இரண்டு கட்சிக்கும் கைவசம் ஆதாரம் உண்டு. ஜாகுவார் ஒன்று முதலையின் பிடரியைக் கவ்வி ஆற்றிலிருந்து தூக்கிவரும் படத்தைப் பற்றி ஒருவர் சொல்வார். முதலையின் கடிவிசைக் கணக்கை இன்னொருவர் எடுத்துவிடுவார். இரண்டும் உண்மைதான். உண்மையான ஆதாரங்கள் சேரச் சேர விஷயம் தெளிய வேண்டும், இங்கோ கலங்கிக்கொண்டே போகிறது. அப்படி ஆகும்போது கேள்வியிலேயே ஏதோ ஒன்று சொல்லப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவதுதான் நியாயம். இங்கே விடுபட்டிருப்பது தண்ணீர் என்று நினைக்கிறேன். எத்தனை அடித் தண்ணீர், எந்த மாதத்துத் தண்ணீர், அதை அங்கே விட்டது யார் என்று கேட்காமல் இரண்டு விலங்குகளை எதிரெதிரே நிறுத்துகிறோம். தண்ணீரின் ஆழத்தைச் சொல்லிவிட்டால் முடிவையும் ஏறக்குறையச் சொல்லிவிட்டதாக ஆகிவிடுகிறது. சொல்லாவிட்டால் கேள்விக்குப் பொருளே இல்லை.

நம் நாட்டில் இந்த வழக்குக்கு எப்போதும் அழைக்கப்படும் சாட்சி ரந்தம்போர்க் காட்டின் மச்லி என்ற பெண்புலி. ராஜஸ்தானில் கோட்டைக்குக் கீழே இருக்கும் ஏரிகளைச் சுற்றித்தான் அவளுடைய ராஜ்யம். 2003-இல் அவள் ஒரு சதுப்புநில முதலையோடு மோதி அதைக் கொன்றாள். முதலையின் நீளம் 14 அடி என்று சொல்லப்படுகிறது. புலிக்கட்சிக்கு இது போதும். ஆனால் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்தால் வேறு விஷயங்களும் வெளியே வருகின்றன. மோதல் நடந்தது ஏரிக் கரையில். அதற்கு முந்தைய ஆண்டு ராஜஸ்தானில் மழை பொய்த்த ஆண்டு. மச்லி அந்தக் கரையைப் பிறந்ததிலிருந்து அறிந்தவள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்தது பகலில், மனிதக் கண்ணுக்கும் காமிராவுக்கும் எட்டுகிற இடத்தில். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூனை இனத்தின் வெற்றி கரையில் நடக்கிறது, வெளிச்சத்தில் நடக்கிறது, இரையை இழுத்துக்கொண்டு போகும் காட்சியாக முடிகிறது. முதலையின் வெற்றி நீருக்கடியில் முடிந்துவிடுகிறது. மேலே கொஞ்சம் குமிழி, பிறகு ஒன்றுமில்லை. சுந்தரவனத்தின் கழிமுகக் கால்வாயில் இரவில் நீந்திக் கடந்த ஒரு புலி அக்கரை சேரவில்லை என்றால் அதற்குச் சாட்சி யார்? ஆகவே படங்களை எண்ணிப் பார்த்து வெற்றி தோல்வி கணக்குப் போடுகிறவர்கள் சண்டையை எண்ணவில்லை, காமிரா நிற்கக்கூடிய இடங்களைத்தான் எண்ணுகிறார்கள்.

படத்தில் இருக்கும் விலங்குகளின் அளவையும் பார்க்க வேண்டும். 2013-இல் பிரேசிலின் பந்தனால் சதுப்பில் எடுக்கப்பட்டு உலகம் சுற்றிய ஜாகுவார் படங்களில் இரையாகிறது யக்காரே கெய்மன் என்ற சிறிய இனம். வளர்ந்த ஆணே பெரும்பாலும் ஏழெட்டு அடிதான். பந்தனால் ஜாகுவாரோ நூறு கிலோவைத் தாண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் ஒரு சிறுத்தை முதலையைக் கொன்ற படங்கள் 2008-இல் பத்திரிகைகளில் வந்தன. அந்த முதலையும் நைல் முதலையின் முழு அளவை எட்டியதல்ல. இவை மோதல்களே அல்ல, வேட்டைகள். மறுபக்கத்தின் பிரபலமான எண்ணுக்கும் இதே கதிதான். 2012-இல் கிரெகரி எரிக்சன் குழு வெளியிட்ட அளவீட்டில் ஓர் உவர்நீர் முதலையின் கடி 16,414 நியூட்டன் என்று பதிவாயிற்று. ஏறக்குறைய 1,670 கிலோ எடையைக் கொண்டு அழுத்துவதற்குச் சமம் அது. கேட்கும்போதே கை கூசுகிறது. ஆனால் அதே தாடையைத் திறக்கும் தசைகள் பலவீனமானவை; மூடிய வாயின்மேல் நாலு சுற்றுக் கயிறு போட்டால் போதும், முதலை பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். கடிவிசை என்பது கவ்விய பிறகு வரும் எண். கவ்வ முடிந்ததா என்பதை அது சொல்வதில்லை.

கவ்வ முடியுமா என்பது முதலையின் முகத்தில் எழுதியிருக்கிறது. தாடை ஓரமாகச் செதிலுக்குச் செதில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். சதுப்புநில முதலையின் இனத்துக்கு அவை உடம்பு முழுக்க உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் நரம்பு முனைகள் குவிந்திருக்கின்றன. இருட்டில் ஒரு துளி நீரில் விழுந்தாலும் அந்த அலையை உணர்ந்து துளி விழுந்த திசைக்கு முதலையினம் திரும்பும் என்று பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். குனிந்து நீர் குடிக்கும் புலியின் நாக்கு எழுப்பும் சிற்றலை, புலி இருக்கும் இடத்தை முதலையின் தாடைக்குச் சொல்லிவிடுகிறது. தொண்டைக்குள் இருக்கும் மடிப்பு மூடிக்கொள்வதால் வாயைத் திறந்தபடியே நீருக்கடியில் கவ்வியிருக்கவும் அதனால் முடியும். இதே விலங்கு கரையேறினால் அந்தப் புள்ளிகளுக்குச் செய்தி கொண்டுவர ஆளில்லை, வாலுக்கு உதைக்கத் தண்ணீரில்லை. குளிர்ரத்தப் பிராணி என்பதால் வேகம் கொஞ்ச நேரம்தான் கைகொடுக்கும். தசையில் அமிலம் ஏறிவிடும், பெரிய முதலைகள் நெடுநேரம் போராடிப் பிடிபட்ட பிறகு அந்த அயர்ச்சியிலேயே செத்துப்போவதும் உண்டு. ஆகவே தண்ணீரை முதலை நிற்கும் இடம் என்று சொல்வது போதாது, அதன் உடம்பின் பாதி என்றே சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத முதலையைப் புலியோடு மோதவிடுவது பாதி முதலையை மோதவிடுவதுதான்.

இதையெல்லாம் வள்ளுவர் இடனறிதலில் ஒரே குறளில் முடித்துவிட்டாரே, இதற்கு இத்தனை நீட்டல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் பிற அதை வெல்லும் என்பது அவர் கொடுத்த தீர்ப்பு. விலங்கியல் இதுவரை அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறள் அரசனுக்குச் சொன்ன போர் யோசனை. நீர் ஆழமாகவும் நிலம் வறண்டதாகவும் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. நம் கேள்வி சிக்கிக்கொள்வது நடுவில் இருக்கும் முழங்கால் அளவுத் தண்ணீரில். புலி நீருக்கு அஞ்சும் பூனை அல்ல. சுந்தரவனத்துப் புலிகள் அகலமான கால்வாய்களை நீந்திக் கடக்கின்றன. ரந்தம்போரில் 1980களின் முதற்பாதியில் செங்கிஸ் என்று பெயரிடப்பட்ட ஆண்புலி ஏரிக்குள் பாய்ந்து கடம்பைமான்களை வேட்டையாடியதை ஃபதே சிங் ரத்தோரும் வால்மீக் தாப்பரும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏரிகளில் முதலைகளும் இருந்தன, செத்த மானுக்கு இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடின. முதலையும் நீரோடு கட்டிப்போடப்பட்டதல்ல. கோடையில் குளம் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துக்கொள்ளும், அல்லது அடுத்த நீர்நிலை தேடி இரவில் நடக்கும். இடம் என்று குறள் சொல்வது இங்கே நிலையாக நிற்பதில்லை. மாதத்துக்கு மாதம் நகர்கிற ஒரு கோடு அது.

அந்தக் கோட்டில் இரண்டும் எதிர்ப்பட்டால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒன்றுமில்லை என்பதுதான் விடை. இதைச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடும் என்று தெரியும். காரணம் பல்லில் இருக்கிறது. முதலையின் பல் உள்ளே கூடுபாய்ந்த கூம்பு. அந்தக் கூட்டுக்குள்ளேயே அடுத்த பல் முளைத்துக்கொண்டிருக்கும், ஒன்று உடைந்தால் இன்னொன்று மேலே வரும், வாழ்நாளில் ஆயிரக்கணக்கில். புலிக்குப் பால்பல் விழுந்த பிறகு முளைக்கும் கோரைப்பல் நான்கே நான்கு. எலும்புத் தகடு பதித்த முதுகில் அதை உடைத்துக்கொண்ட புலிக்கு வேறு கோரைப்பல் வராது. வளர்ந்த புலிக்கு ஆண்டுக்கு ஐம்பது மான் அளவுக்கு இரை வேண்டும். முதலை மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். ஆகவே காயம் என்பதற்கு இருவருக்கும் ஒரே விலை அல்ல. மச்லியும் கடைசிக் காலத்தில் கோரைப்பற்கள் போய், வனத்துறை கட்டிவைத்த இரையைத் தின்றுதான் காலம் தள்ளினாள். 2016 ஆகஸ்ட் 18 அன்று இறந்தாள். சம எடையில் நிறுத்திப் பார்த்தால் நியாயமான போட்டிதானே என்று சிலர் குத்துச்சண்டைக் கணக்குச் சொல்வதுண்டு. இருநூறு கிலோ புலியும் இருநூறு கிலோ முதலையும் தராசில் மட்டுமே சமம். பசியில், மூச்சில், காயம் ஆறும் வேகத்தில், தோற்றால் இழப்பதில் எதிலும் சமம் இல்லை. இந்த வேறுபாட்டை விலங்குகள் நம்மைவிட நன்றாக அறிந்து நடந்துகொள்கின்றன. கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டில், தலைவன் இரவில் வரும் வழியின் ஆபத்துகளைத் தோழி அடுக்குகிறாள். புலி, யாளி, கரடி என்று தொடங்கும் அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி முதலை, இடங்கர், கராம் என்று நீர்வாழ் வகைகள் மூன்று வருகின்றன. எது பெரியது என்ற பேச்சே அங்கு எழவில்லை. வழியில் நடந்து போகிறவனுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை.

தேவைப்படுவது மேடையில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு. பொ.ஆ.மு. 58-இல் ரோமில் ஸ்காரஸ் என்ற அதிகாரி மக்களுக்கு முதலை காட்ட விரும்பினான். ஐந்து முதலைகளுக்காகத் தற்காலிகமாக ஒரு கால்வாயே வெட்ட வேண்டியிருந்தது. பொ.ஆ.மு. 2-இல் அகஸ்டஸ் அரங்கத்துக்குள் தண்ணீர் விட்டு 36 முதலைகளைக் கொல்லவைத்துக் காட்சி நடத்தினான். யானையையும் சிங்கத்தையும் மணல் தரையிலேயே இறக்கிவிடலாம். முதலைக்கு மட்டும் நீர் கட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் என்பதை ஒருவன் தீர்மானிக்க வேண்டும். அந்த ஒருவன்தான் சண்டையின் முடிவையும் எழுதுகிறான். நம் ஊர்க் கதையிலும் இது இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியில் கம்ப வடிவில் கலியுக வரதராசராக நிற்கும் பெருமாள்தான் தெற்கே காவிரிக் கரைக் கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதர். யானையின் காலை முதலை கவ்வ, ஆயிரம் ஆண்டு இழுபறி நடந்ததாகப் பாகவதம் சொல்லும். நீரில் நிற்க நிற்க யானை தளர்ந்தது, முதலைக்கு வலு ஏறியது என்பதையும் அது சொல்லத் தவறவில்லை. புராணக்காரருக்கு உடலியல் தெரிந்திருக்கிறது. கடைசியில் தீர்ப்பு வந்தது இரண்டு விலங்கின் பலத்திலிருந்தும் அல்ல, மேலேயிருந்து வந்த சக்கரத்திலிருந்து. பக்தி நோக்கில் இதற்கு வேறு பொருள் உண்டு, அதில் நான் தலையிடவில்லை. சண்டை என்ற அளவில் மட்டும் பார்த்தால், வெளியார் ஒருவர் வராமல் அது முடியவே இல்லை.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது, கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. தனித்தனிச் சண்டையை விடுங்கள், காலத்தைப் பாருங்கள். டைனோசர் காலத்திலிருந்து மாறாமல் நிற்பது முதலை, பூனைகள் நேற்று வந்தவை, ஆகவே ஜெயித்தது முதலைதான் என்பார்கள். இதற்குப் பதில் சொல்ல அரியலூர் மண்ணே போதும். கல்லங்குறிச்சியின் பெயரையே நிலவியலாளர்கள் ஒரு பாறைப் படிவுக்கு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுக்கு முன் இங்கே கிடந்த ஆழமில்லாத கடலின் அடிமட்டம் அது. சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டிய சுரங்கத்தின் சுவரில் கிரைஃபியா என்ற சிப்பியின் தடித்த, வளைந்த ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். விரல் வைத்தால் ஓட்டின் வரிகள் தட்டுப்படும். கடல் பின்வாங்கிய பிறகு படிந்த கள்ளமேடு படிவு அதற்கு மேலே இருக்கிறது, அது ஆறும் சேறும் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே டைனோசர் எலும்புகளோடு முதலையினப் பற்களும் கிடைத்தன. 2013-இல் வெளியான ஆய்வு அவற்றை மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற விலங்கோடு ஒப்பிட்டது. அந்தச் சிமோசூக்கஸ் மூன்றடிகூட இல்லாத, மொண்ணை மூக்குள்ள, தரையில் நடந்து செடிகொடி தின்றதாகக் கருதப்படும் முதலையினம். மாறாமல் நிற்கும் கொலைகார முதலை என்ற படம் இந்த ஒரு பல்லிலேயே உடைந்துபோகிறது. முதலை வம்சத்தில் இலை தின்றவை இருந்தன, கடலில் வாழ்ந்தவை இருந்தன, தரையில் ஓடியவை இருந்தன. பெரும்பாலானவை அழிந்து, நீரோரத்தில் பதுங்கும் வகை மட்டும் எஞ்சியது. எஞ்சியதற்குக் காரணம் யாரையும் ஜெயித்ததாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தில் பேரழிவு நடந்த நாட்களில் நன்னீரில் இருந்ததும் குறைவாகத் தின்று வாழ முடிந்ததும் உதவியிருக்கலாம் என்றுதான் பலர் கருதுகிறார்கள். மறுபடியும் தண்ணீர்தான்.

இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரமும் இருக்கிறது. சோழர் இலச்சினையில் உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் பாண்டியனின் மீன், சேரனின் வில். கங்கை நீர் கொண்டுவந்து தலைநகர் எழுப்பிய முதலாம் ராசேந்திரனின் கொடியில் புலி. அவன் கொண்டாடிய கங்கையின் ஊர்தியோ மகரம், பாதி முதலை. கொடிக்கு ஏறிய விலங்குக்குப் பசி கிடையாது, வறட்சி கிடையாது, பல் உடைவது கிடையாது. டீக்கடைச் சண்டையில் மோதுவது பெரும்பாலும் இந்தக் கொடி விலங்குகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தப்பில்லை, விளையாட்டுத்தானே என்றால், விளையாட்டாக இருக்கும்வரை தப்பில்லை. ஆனால் புலியை வீரனாகவும் முதலையைப் பதுங்கும் வஞ்சகனாகவும் பார்த்துப் பழகிய கண்தான் கொள்ளிடத்தில் ஒரு முதலை தலைகாட்டியதும் அதைப் பிடித்துக்கொண்டு போ என்கிறது. சிதம்பரம் பக்கம் பிடிபடும் முதலைகளை வனத்துறை வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. பிடித்த மடு அப்படியே இருக்கிறது. அடுத்த வெள்ளத்தில் அங்கே இன்னொன்று வந்து சேர்வதற்குத் தடை எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் புலியும் முதலையும் ஒரே நீரில் வாய் வைக்கும் இடம் வேண்டுமானால் மோயாறு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே அந்தப் பள்ளத்தாக்கில் பாறைமேல் முதலைகள் வெயில் காயும், அதே கரையில் புலியின் தடம் இருக்கும். அங்கே எத்தனை அடித் தண்ணீர் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. மேலே 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையமும் அதைத் தொடர்ந்து வந்த நிலையங்களும், கீழே 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நகரத்தில் மின்விசிறி சுழல வேண்டிய நேரத்தில் ஆறு ஏறுகிறது, தேவை குறைந்தால் இறங்குகிறது. ரோமானியன் அரங்குக்குள் விட்ட தண்ணீருக்கும் இதற்கும் நோக்கம் வேறு. ஆழத்தை மனிதன் வைக்கிறான் என்பதில் வித்தியாசம் இல்லை. கொள்ளிடத்திலும் அதுதான் நிலை. 1836-இல் அணைக்கரையில் கீழணை வந்தது முதல் அந்த ஆற்றின் நீர்மட்டம் மதகுக் கணக்கு. மேட்டூர் உபரி வந்தால் கரைபுரளும். மற்ற மாதங்களில் மணல் வெளி, இடையிடையே ஆழமான மடுக்கள், மணல் அள்ளிய குழிகள். முதலை அந்த மடுக்களில் ஒதுங்குகிறது. மாடு குளிப்பாட்டுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் அதே மடுக்களுக்குத்தான் வருகிறார்கள், வேறு தண்ணீர் இல்லாததால்.

அரியலூர் மாவட்டத்தில் இன்று புலி இல்லை. அதை எந்த முதலையும் துரத்தவில்லை. மான் நிற்கும் காடு உழவு நிலமானால் புலிக்கு அங்கே வேலையில்லை. கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. புலியைவிட வலியது என்பதால் அல்ல, அதற்குப் போதுமான மடுக்களை நாம் விட்டுவைத்திருப்பதால். யாராவது அடுத்த முறை புலியா முதலையா என்று கேட்டால், தண்ணீர் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். கொள்ளிடக் கரைக் கிராமங்களுக்கும் வேண்டியது இதே தகவல்தான். மதகு மூடிய பிறகு எந்தெந்த மடுவில் ஆளுயரத் தண்ணீர் நிற்கிறது, அதில் எதில் முதலை தென்பட்டது என்பதைப் நீர்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து கோடைக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.